வியாழக்கிழமைத் தண்ணீர்

அருளப்பா,

கோயிலில் உன் கல்யாண ஓலை இரண்டாம் தடவையும் வாசித்தாயிற்று. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று சாமியார் வாசித்தபோது, முன்னால் உட்கார்ந்திருந்த உன் வருங்கால மாமனார் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றுவிடுவேனோ என்று மனுஷருக்கு உதறல் எடுத்திருக்கும். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். லூர்துவை நீ கட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. நல்ல பெண். நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிறாள். உன்னைப் போல ஒரு வார்த்தை சொல்வதற்கு நாலு முறை தொண்டையைச் செருமுவதில்லை. என் ஆட்சேபணை எல்லாம் நீ போட்டிருக்கிற காலனிப் பிளானுக்குத்தான். அதற்கும் ஊர்ச்சாவடிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று அதில் போட்டிருக்கிறது. போட்டிருப்பதை மதித்து நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அது உன் மேஜைக்கு வந்த நாளிலிருந்து நீ வீட்டுப் பக்கம் வராமல், அதைத் திரும்ப வாங்கச் சொல்லி ஆள் மேல் ஆள் விட்டுக்கொண்டிருக்கிறாய். தபால்காரரிடம் சொல்லிவிடுகிறாய், சித்தப்பாவிடம் சொல்லிவிடுகிறாய், போன வாரம் சம்பந்தியே வந்து உட்கார்ந்துவிட்டார். என் பதிலை இவர்கள் வாய்வழியாக அனுப்பினால் காரத்தை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் உன்னிடம் சேர்ப்பார்கள். அதனால் நானே எழுதுகிறேன். இதை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டாம். உன் ஆபீசில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். இங்கே பங்காளி வீடுகளுக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உறையில் போடப்போகிறேன்.

மாசி மாதம் நீயும் சம்பந்தியும் அந்த மேப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தீர்களே, அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது நமக்குள் இந்த வழக்கு. கயிற்றுக் கட்டிலில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலைக்கும் என் செம்பையும் தம்ளரையும் வைத்தாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். என் மகன் போட்ட கோடு ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஆனால் பார்த்த இடமெல்லாம் ரோஸ் கலர்.

"இது என்னலே, கல்யாணச் சேலை மாதிரி இம்புட்டு ரோஸு?" என்று கேட்டேன்.

"வீடு வர்ற எடம்மா. டவுனு இனிமே வடமதுர ரோட்டுப் பக்கந்தான் வளரும். எங்க பெரிய ஆபீசரே சொல்லிட்டாரு."

"நம்ம வெங்காயக் காடு எங்க இருக்கு இதுல?"

நீ தொண்டையைச் செருமினாய். சம்பந்திதான் பதில் சொன்னார். "வெங்காயம் சந்தையில கெடைக்கும் சம்பந்தியம்மா," என்றார். சந்தைக்கு எங்கேயிருந்து வருகிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்லவா, கேள்வி கேட்டுத்தான் பழக்கம். பதில் சொல்லிப் பழக்கமில்லை. சிரித்து மழுப்பினார். மேப்பில் நடுவே உள்ளங்கை அளவுக்கு ஒரே ஒரு இடம் பச்சையாக இருந்தது. சரி, இதையாவது விட்டுவைத்தானே என்று விரலை வைத்தேன். அது பார்க்கு என்றாய் நீ. பிள்ளைகள் விளையாட. அந்தப் பச்சை இருந்த இடம் நம் கிணறு, அருளப்பா. ஆறு வீட்டுப் பயிரைக் காப்பாற்றுகிற கிணற்றை மூடி, மேலே புல்லும் சறுக்குமரமும் வைக்கப் போகிறாய். அதற்கு எதிர்த்த மூலை மனையைத்தான் லூர்துவுக்குச் சீராகத் தரப்போவதாகச் சம்பந்தி அன்றைக்குச் சொன்னார். முகமெல்லாம் மலர்ந்துதான் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மகளுக்குக் காற்றோட்டமான இடத்தில் வீடு அமைய வேண்டும் என்று எந்தத் தகப்பன்தான் நினைக்க மாட்டான்.

எனக்குப் பொறுக்காமல் போனது அதற்கப்புறம். கிணற்றிலிருந்து கிழக்கே நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தாய். என்ன அது என்றேன். முப்பதடி ரோடு என்றாய்.

"இது நம்ம வாய்க்காலுல்ல?"

"வாய்க்கால்னு ரிக்கார்டுல ஒண்ணும் இல்லம்மா. எடத்துல பாத்தா வண்டிப்பாதைதான். வண்டித்தடம் அம்புட்டுத் தெளிவா இருக்கு. நானே செயின் போட்டு அளந்தேன்."

நானே அளந்தேன் என்று சொன்னாய் பார், அதுதான் இன்றைக்கு வரைக்கும் என்னைக் குடைகிறது. வேறு ஊர்க்காரன் எவனாவது வந்து அளந்து வண்டிப்பாதை என்று எழுதியிருந்தால், தெரியாத ஆள், போகட்டும் என்று இடத்தைக் காட்டித் திருத்தியிருப்பேன். நீ என்றைக்கு அளந்தாய்? ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு. ஆபீஸ் நாளில் மற்ற வேலை சரியாக இருக்கிறது, வீட்டுக்கு வருகிற நாளில் இதையும் முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாய். ஞாயிற்றுக்கிழமை நம் வாய்க்காலில் தண்ணீர் ஓடாது என்பது உனக்கு மறந்தேபோய்விட்டது.

உன் ஆபீஸ்காரர்களுக்காக இதை விளக்கமாகவே எழுதுகிறேன். கிணறு ஒன்று, பங்கு வீடு ஆறு. திங்களிலிருந்து சனி வரைக்கும் ஆளுக்கு ஒரு கிழமை. அந்தக் கிழமை யாருடையதோ அவர் மாட்டைக் கொண்டுவந்து கமலை பூட்டி இறைத்து, வாய்க்கால் வழியாகத் தன் காட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோவார். இதற்குப் பெயர் முறை. ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் முறை கிடையாது. நாமும் கோயிலுக்குப் போக வேண்டும், கிணறும் ஊற வேண்டும். சனிக்கிழமைத் தண்ணீர் நின்ற கொஞ்ச நேரத்தில் மணல் குடித்துவிடும். வாய்க்கால் பழைய ஓடைத்தடம் என்பதால் அகலம். ஞாயிறு காலையில் காய்ந்து கிடக்கும். கோயிலுக்குச் சுருக்கு வழியும் அதுதான். ஆறு வீட்டு வண்டியும் பிள்ளை குட்டிகளை ஏற்றிக்கொண்டு அதற்குள்ளே இறங்கித்தான் பூசைக்குப் போகும். நீ செயின் போட்டு அளந்தாயே, அந்தத் தடம் நாங்கள் கோயிலுக்குப் போன தடம். திங்கட்கிழமை விடிந்து கமலைக் கூனை முதல் தண்ணீரைக் கொட்டியதும் அழிந்துவிடும். பக்திக்குக் கிடைத்த பரிசைப் பார்த்தாயா, கோயிலுக்குப் போன வண்டி வாய்க்காலை ரோடாக்கிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் எனக்கு வேறொன்றும் உறைக்கிறது. வேலைக்குப் போனதிலிருந்து நீ வீட்டுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். நிறைந்து ஓடுகிற அந்த வாய்க்காலை நீ கண்ணால் பார்த்தே பல வருஷம் ஆகியிருக்கும். அதனால் நீ பொய் எழுதினாய் என்று நான் சொல்ல மாட்டேன். உனக்குத் தெரிந்த ஊரே ஞாயிற்றுக்கிழமை ஊர்தான். மற்ற ஆறு நாளும் இங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் எங்கள் தலையெழுத்தை வரைய உட்கார்ந்துவிட்டாய். படித்தவன் மேல் எனக்குக் கோபமில்லை. நான்தானே உன்னைப் படிக்க அனுப்பினேன். இந்தச் சேற்றிலிருந்து ஏறிப் போடா என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை. நீ ஏறிப் போ என்றுதான் சொன்னேன். ஏறி நின்றுகொண்டு எங்கள் சேற்றைக் காயப்போடு என்று நான் சொல்லவில்லை.

உன் அப்பா இறந்தது ஒரு புதன்கிழமை. மறுநாள் நம் முறை. மிளகாய் பூ எடுத்திருந்த நேரம், ஒரு தண்ணீர் தவறினால் எல்லாம் உதிர்ந்துவிடும். எனக்கு அந்த நினைப்பே இல்லை. சவ அடக்கம் முடிந்து வந்து மூலையில் கிடந்தேன். வெளியே கமலை உருளை கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. சாவு விழுந்த வீட்டின் முறையை மற்ற பங்காளிகள் இறைத்துக் கொடுக்க வேண்டும் என்பது இந்தக் கிணற்றின் வழக்கம். சித்தப்பா மாட்டைப் பூட்டி ஓட்டினார், மற்றவர்கள் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகக் கட்டினார்கள். அழுதுகொண்டே இறைத்தார் சித்தப்பா. முப்பது நாள் கழிகிற வரைக்கும் நம் வியாழக்கிழமை ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்புறம் நான் எழுந்து மாட்டைப் பிடித்தேன். பொம்பளை கமலை இறைத்தால் கிணறு வற்றிப்போகும் என்று ஊரில் ஒருத்தர் சொன்னார். "வத்துனா ஒங்க வாயில ஊறுற எச்சிய எறைச்சுக்குறேன்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என் காட்டுப் பக்கம் வந்ததில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்ததை விற்றுத்தான் நீ பேனா பிடித்தாய், செயின் பிடித்தாய். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன்.

இனிமேல் உனக்கு ஒரு வீடு, ஒரு பெண்டாட்டி என்று ஆகிவிடும். புத்தி சொல்ல எனக்கு இதுதான் சமயம், அதனால் நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். லூர்து ஏதாவது வேண்டாம் என்று சொன்னால், உடனே மேப்பை விரித்துக் காட்டாதே. ஏன் வேண்டாம் என்கிறாய் என்று ஒரு தடவை கேள். என்னிடம் நீ அதைக் கேட்கவே இல்லை. அம்மாவுக்கு மண்ணாசை என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். வீடே கட்டக்கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? ஊர் பெருகுகிறது, மனுஷர் தலைக்கு மேல் கூரை வேண்டாமா?

வேண்டும் என்பதை எனக்கு வாய்விட்டுச் சொன்னவர் காதர் பாய். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்க்கிறாரே, வருஷா வருஷம் நம் கமலைக்குத் தண்ணீர் கொட்டுகிற தோல்வாலைத் தைத்துக்கொண்டு வருவாரே, அவர்தான். நான் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தது தெரிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். கொடுத்த மோரைக்கூடக் குடிக்கவில்லை.

"அக்கா, ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. ரெண்டு மருமக, ஒரே ரூமு. நடுவுல சேலையக் கட்டித் தொங்கவிட்டுருக்கோம். மழ பேஞ்சா சாக்கடத் தண்ணி அடுப்புக்கு வந்துருது. இந்தக் காலனியில ஒரு மனைக்குப் பேரு குடுத்துருக்கேன். நீங்க இப்படித் தடை போட்டா நாங்க எங்கக்கா போவோம்?"

உன் மேப்பில் இருந்த ரோஸ் கலருக்குள்ளே இவருடைய மருமகள்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. அதைச் சொல்லியிருந்தால் நான் செவி கொடுத்துக் கேட்டிருப்பேன் அருளப்பா. நீ டவுன் வளர்ச்சி, டவுன் வளர்ச்சி என்றே பேசிக்கொண்டிருந்தாய்.

"வாங்க பாய், செத்த நேரம் நடப்போம்," என்று அவரைக் கூட்டிக்கொண்டு மேற்கே நம் கரட்டுக்குப் போனேன். ரோட்டை ஒட்டித்தான் இருக்கிறது அந்தக் கரடு. சரளைக்கல் பூமி, மானாவாரி. நல்ல மழை வருஷத்திலும் கொள்ளு விதைத்தால் விதைத்ததைத் திரும்ப எடுக்கலாம், அவ்வளவுதான். நம்முடையதும் சித்தப்பாவுடையதும் மற்றப் பங்காளிகளுடையதும் சேர்ந்து வேண்டியமட்டும் கிடக்கிறது. மேடான இடம், மழைத் தண்ணீர் நிற்காது. அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்த இடத்திலேயே கல் கிடைக்கும். பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காற்று நன்றாக வருகிறது என்றார். அப்புறம் நின்று என்னைப் பார்த்தார்.

"எல்லாம் சரிக்கா. குடிக்கத் தண்ணி?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் உன் ஆபீசிலும் கரட்டை வேண்டாம் என்று தள்ளியிருப்பார்கள். கரட்டில் கிணறு வெட்டினால் வெடி வைத்து வைத்துக் காசுதான் பாதாளத்துக்குப் போகும். நான் அங்கேயே நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு சொன்னேன், "வியாழக்கெழம எங்க மொற. அதுல பாதி ஒங்களுக்கு. கெணத்த மூடாம, வாய்க்கால அழிக்காம, காலனிய இங்க கொண்டாந்தா, பாதித் தண்ணி நான் தாரேன். கரண்டு மோட்டார் வருதுங்கிறாக, கொழாய் போட்டு மேட்டுல ஒரு தொட்டிக்கு ஏத்திக்கட்டும்." பாய் நம்பவில்லை. "பயிரு?" என்றார். பாதித் தண்ணீருக்கு எவ்வளவு விளையுமோ அவ்வளவு வெங்காயம் போடுகிறேன் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வந்து மோரைக் குடித்துவிட்டுத்தான் போனார். இனி அவர் ஆட்சேபணை சொல்கிறவர்கள் பக்கத்தில்தான் நிற்கப்போகிறார். அவர் தெருவிலிருந்து இன்னும் சில பேர் வருகிறார்களாம்.

நீ இப்போது குதிப்பாய். அது உன் பங்காயிற்றே, கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம் என்று. கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. நீ என்னைக் கேட்டுவிட்டா கிணற்றின் மேல் பச்சை அடித்தாய்? வேண்டுமானால் நீயும் ஒரு ஆட்சேபணை எழுதிக் கொடு.

சித்தப்பாவிடம் பேசுவதுதான் பெரிய பாடாகிவிட்டது. அவர் தன் பங்கை விற்க முடிவு செய்து முன்பணமும் வாங்கிவிட்டார். முதலில் என்னிடம் சத்தம் போட்டார். "மதினி, ஒங்களுக்குத் தெம்பு இருக்கு, எறைக்கிறீக. எனக்கு இடுப்புப் போச்சு. எம்மவன் மில்லுக்குப் போயிட்டான். நான் யாருக்காக எறைக்கணும், சொல்லுங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஆசைகாட்டிப் பசப்பி நான் பதில் சொல்லவில்லை.

"எனக்காக எறைக்க வேணாம். ஒங்களால முடியலன்னா காட்டக் குத்தகைக்கு விடுங்க, நான் பாத்துக்கிறேன். விக்கிறதா இருந்தா கரட்ட வித்துக்கங்க. ஒரு வெள்ளாடுகூட வயித்த ரொப்பாத எடம். அங்க மனை வந்தா ஒங்களுக்கு நட்டமா?"

"அங்க எவன் வருவான்? தண்ணி இல்ல."

"தண்ணி நான் தாரேன்."

"பாப்போம் மதினி," என்று மட்டும் சொன்னார். உன் அப்பா செத்த மறுநாள் அழுதுகொண்டே இறைத்த மனுஷன் இவர். இவரை நான் திட்டமாட்டேன். உன் பிளானைப் பார்த்ததும் நல்ல காட்டை விற்றுத் தின்ன வேண்டும் என்று இவருக்குத் தோன்றிவிட்டது, அதே பிளான் கரட்டுக்கு வந்திருந்தால் கரட்டை விற்றிருப்பார். ஜனங்கள் எதை விற்பார்கள், எதை வைத்துக்கொள்வார்கள் என்பதை நீங்கள் அடிக்கிற கலர்தான் முடிவு செய்கிறது. இது உனக்குத் தெரியுமா தெரியாதா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு பிரஷ்ஷை எடு.

காலனியைக் கரட்டுக்கு மாற்றலாம் என்று நான் ஆட்சேபணையிலேயே எழுதியிருந்தேன். நீ சித்தப்பாவிடம் சொல்லியனுப்பிய பதில் என்ன? கரட்டைச் சமன்படுத்த செலவு ஜாஸ்தி. அப்புறம், எல்லாம் கலர் அடித்து மேலே அனுப்பியாகிவிட்டது. செலவைப் பற்றி உன் ஆபீசர் என்னிடம் பேசட்டும், நான் பேசுகிறேன். ஒரு தடவை கரட்டைச் சமன்படுத்துகிற செலவைச் சொல்லுகிறவர், வருஷா வருஷம் இந்தக் காட்டில் விளைவதை இழக்கிற செலவையும் பக்கத்தில் எழுதிக் காட்டட்டும். ஆனால் கலர் அடித்தாயிற்று என்கிறாயே, அதற்கு என்ன சொல்வது? நாளைக்குச் சோறு கேட்டால் பிள்ளைகளுக்கு அந்தக் கலரையா கரைத்து ஊற்றுவாய்?

போன வாரம் சம்பந்தி வந்ததையும் சொல்லிவிடுகிறேன். மரியாதையாகத்தான் பேசினார். பெற்ற தாயே மகன் பிளானுக்குத் தடை எழுதினால் ஆபீசில் மாப்பிள்ளைக்கு என்ன மதிப்பு இருக்கும் என்றார். மூலை மனைக்கு ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "மூணாவது ஓலை வாசிக்கிறதுக்குள்ள நல்லபடியா முடிச்சிருங்க சம்பந்தியம்மா," என்றார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? மூன்றாவது ஓலை தாராளமாக வாசிக்கட்டும் என்றேன். வாசிக்காமல் நிறுத்தினால் அது அவர் பாடு, அவர் மகள் பாடு. என் மகன் கல்யாணத்தைப் பணயம் வைத்து என் கையிலிருந்து தண்ணீரைப் பிடுங்க முடியாது என்றும் சொல்லிவிட்டேன். உன் கல்யாணத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். சேலைகூட எடுத்துவைத்துவிட்டேன். ஆனாலும் ஆட்சேபணையைத் திரும்ப வாங்கமாட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வியாழக்கிழமை உங்கள் பெரிய ஆபீசர் ஜீப்பில் வந்து இடத்தை நேரில் பார்த்து, ஆட்சேபணைகளைக் கிணற்றடியிலேயே விசாரிக்கப் போவதாகத் தலையாரி வந்து சொன்னார். அந்தக் கிழமை யாருடைய முறை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்றைக்குப் பங்காளிகள் கிணற்றடியில் கூடி, இனி இது அருளப்பன் முறை என்று உன் தலையில் துண்டைக் கட்டினார்கள். நீ சின்னவன் என்று உனக்குப் பதிலாக நான் இறைத்தேன். பிறகு நீ படிக்கிறாய் என்று இறைத்தேன். பிறகு நீ வேலைக்குப் போய்விட்டாய் என்று இறைத்தேன். என் முட்டி தேய்ந்தது எல்லாம் உன் முறையில்தான்.

இந்த வியாழக்கிழமை நான் இறைக்கப்போவதில்லை. தீர யோசித்துத்தான் சொல்கிறேன். நான் அன்றைக்கு மாட்டைப் பூட்டி வாய்க்காலில் தண்ணீரை ஓடவிட்டால், ஆட்சேபணைக்காரி வேண்டுமென்றே நனைத்து வேடிக்கை காட்டுகிறாள் என்று உன் மாமனாரே ஆபீசரிடம் சொல்லுவார். ஆபீசரும் நம்புவார். முறைக்காரன் நீ. பிளான் வரைந்தவனும் நீ. வாய்க்கால் என்று நீ காட்டினால் அது வாய்க்கால். எதிரே தெரிகிற மலைக்கோட்டைப் பாறையில் வெயில் படுவதற்குள் முறைக்காரன் மாட்டைப் பூட்டாவிட்டால் அன்றைய முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீடு சித்தப்பா வீடு. அவர் இன்னும் பார்ப்போம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், அன்றைக்குப் பூட்டுவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. திங்கள், செவ்வாய், புதன்கிழமைக்காரர்கள் மூன்று பேரும் இந்த வாரம் இறைக்கவில்லை, அவர்கள் காட்டில் அறுவடை. அதனால் வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போன வண்டித்தடம் அப்படியே இருக்கும். நீ மேப்பில் போட்டது போலவே ரோடு மாதிரியே இருக்கும். ஆபீசருக்குச் சந்தேகமே வராது.

நான் மாடுகளுக்குத் தீனி வைத்து, கழுவி, கமலைக்குப் பக்கத்தில் கட்டியிருப்பேன். வடக்கயிற்றுக்கு எண்ணெய் போட்டிருப்பேன். காதர் பாய் புதுத் தோல்வால் தைத்துக் கொடுத்திருக்கிறார், அதையும் மாட்டியிருப்பேன். அதற்கு மேல் என் கை எதையும் தொடாது. நான் ஆட்சேபணை சொல்லுகிறவர்களோடு வரிசையில் போய் நின்றுகொள்வேன்.

நீ ஆபீசரோடு ஜீப்பில் வந்து இறங்கினால், என்னை அம்மா என்று கூப்பிடாதே. காகிதத்தில் இருக்கிறபடி என் பெயரை உன் அப்பா பெயரோடு சேர்த்துச் சத்தமாக வாசி, தொண்டையைச் செருமாமல். நான் உன்னைச் சார் என்று கூப்பிட்டுத்தான் பேசுவேன், பேசவேண்டியது ஒன்றையும் விடமாட்டேன். இங்கே தோற்றால் கலெக்டர் வரைக்கும் போவேன். அதற்கும் மேலே யார் இருக்கிறார்களோ அவர்கள் வரைக்கும் போவேன். போகிற வழியில் உன் கல்யாணத்துக்கும் வந்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போவேன்.

ஜீப்பில் வராமல், விடியுமுன்னே சைக்கிளில் தனியாக வந்தால், அந்தப் பேண்டைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொள், கொடியில் போட்டிருக்கிறேன். பூட்டும்போது செவலை வலப்பக்கம், மயிலை இடப்பக்கம். ரொம்ப நாள் ஆயிற்று, மாடு பின்னோக்கி நடக்கும்போது கயிற்றை இறுக்கிப் பிடிக்காதே, அதற்கே தெரியும். ஆபீசர் வந்து ஜீப்பை விட்டு இறங்குகிற இடம் அந்த வாய்க்கால்தான். அவர் செருப்பு நனையட்டும்.

உன் முறையை இத்தனை வருஷம் இறைத்துப் போட்டவள்,
அம்மா